தாய்ச்செடிக்குப் பிறக்காதவை

அந்த நாற்காலி வேண்டாம் வக்கீலம்மா, ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். எனக்குச் சத்தமாகப் பேச வராது. காதில் விழவில்லையென்றால் கேளுங்கள், திரும்பச் சொல்கிறேன். பாபநாசம் பஸ்ஸா? அப்படியென்றால் நின்றுகொண்டுதான் வந்திருப்பீர்கள். முதலில் தண்ணீர் குடியுங்கள்.

நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், சின்ன விஷயத்தைக்கூட விடாதீர்கள், எது ஜட்ஜ் மனசை மாற்றும் என்று யாருக்கும் தெரியாது என்று போனில் சொன்னீர்கள். சொல்கிறேன். நான் பொய் சொல்லிப் பழகாதவள். அதனால்தான் இவ்வளவும் வந்தது என்று எங்கள் சர்ச்சில் சிலர் பேசுகிறார்கள். பேசட்டும்.

என் பெயர் ஞானப்பூ. லேப் தங்கையா மகள் என்று கேட்டால்தான் விக்கிரமசிங்கபுரத்தில் தெரியும். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. அது அப்பீல் மனுவுக்குத் தேவையா? தேவையில்லையென்றால் அடித்துவிடுங்கள். ஆசீர் என் தம்பி. என்னைவிடப் பதினோரு வயது இளையவன். அவன் பிறந்த ஏழாம் மாதம் அம்மா போய்விட்டாள். தூக்கிச் சுமந்தது நான். சின்னதில் அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. கதவைச் சாத்தினால் நெஞ்சு இழுக்கும். எத்தனையோ நாள் அவனை மடியில் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து விசிறியிருக்கிறேன். இறுக்கம் என்றால் என்ன, காற்று இல்லாமல் ஒரு பிள்ளை என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது.

அவனைத்தான் இப்போது பாளையங்கோட்டைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். பதினான்கு மாதம் ஆகிறது. மூன்று வருடம் போட்டிருக்கிறார்கள். புலிகள் காப்பகத்துக்குள் இருந்து செடி எடுத்த கேஸ், அதனால்தான் இவ்வளவு என்றார்கள். நீங்கள்தான் குறைக்க வேண்டும்.

அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்படி ஆரம்பித்தால்தான் புரியும்.

அப்பா ஒரு காலேஜில் தாவரவியல் லேப் அட்டெண்டர். முப்பத்தொரு வருடம். பாட்டில் கழுவுகிற உத்தியோகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் கழுவிக்கொண்டே பார்த்திருக்கிறார். அங்கே ஒரு வாத்தியார் ஆர்க்கிட் வளர்த்தார். பொதிகைமலை உச்சியில் பாறை இடுக்கில் மட்டும் வருகிற ஒரு செடி. மஞ்சள் பூ, அடியில் செருப்பு முனை மாதிரி ஒரு குழிவு. நாங்கள் செருப்புப்பூ என்போம். வேறெங்கும் இல்லை என்பதால் வெளிநாட்டுக்காரர்களுக்கு அதன்மேல் பைத்தியமாம். பிடுங்கிப் பிடுங்கி விற்று, மலையில் அது அழியப்போகிற நிலைமைக்கு வந்துவிட்டது. அதனால் இப்போது அங்கிருந்து ஒரு இலையைக் கிள்ளினாலும் குற்றம். வாத்தியார் ரிட்டயர் ஆனபோது, தன்னிடம் இருந்த ஒரு செடியை அப்பாவிடம் கொடுத்தார். வனத்துறைக்கு எழுதி லைசென்ஸும் வாங்கித் தந்தார். இந்தத் தாய்ச்செடிக்குப் பிறக்கிற பிள்ளைகளை வளர்க்கலாம், விற்கலாம். மலையிலிருந்து வந்தது ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதுதான் நிபந்தனை. அந்தக் காகிதத்தை அப்பா பைபிளுக்குள் வைத்திருந்தார்.

பிள்ளை பிறக்கவைப்பது லேசு இல்லை. அதன் விதை முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி இருக்கும். மண்ணில் தூவினால் முளைக்காது. இளநீர், மசித்த வாழைப்பழம், கடல்பாசி எல்லாம் சேர்த்துக் காய்ச்சி, ஜாம் பாட்டிலில் ஊற்றி, குக்கரில் வைத்து விசில் விட்டு எடுக்க வேண்டும். ஆறினால் பாட்டிலுக்குள் அல்வா மாதிரி நிற்கும். அதன்மேல்தான் விதை. அப்பா ஒரு பழைய மீன் தொட்டியைக் கவிழ்த்து, கை நுழைய இரண்டு ஓட்டை வைத்து, உள்ளே ஸ்பிரிட் விளக்கு ஏற்றி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்வார். அந்த நேரம் நான் தும்மினாலும் கோபம் வரும். செடி ஒன்றுதானே இருக்கிறது, அதனால் அந்தப் பூவின் மகரந்தத்தையே தீக்குச்சியால் எடுத்து அந்தப் பூவுக்கே வைத்தார். நான்கு வருடம் ஒன்றும் தேறவில்லை. ஐந்தாவது வருடம் ஒன்பது பாட்டிலில் பச்சை கண்டது. கடுகு அளவு. பிறகு நகக்கண் அளவு. அன்றைக்கு அப்பா அழுததை நான் பார்த்தேன்.

"ஏட்டி ஞானப்பூ, இத பாட்டில்னு நெனைக்காத. கர்ப்பப்பைனு நெனை. மூடியத் தொட்டியோ, அவ்வளவுதான்" என்பார். அப்பா அப்படித்தான். தன் சாமான் எதையும் யாரையும் தொடவிட மாட்டார். ரேடியோவைக்கூட.

ஒன்றரை வருடம் அந்த ஒன்பதும் அலமாரியில் இருந்தன. அப்புறம் போன சித்திரைக்கு முந்தின சித்திரைக்கும் முந்தினது என்று நினைக்கிறேன், ஆமாம், ஈஸ்டர் முடிந்த வாரம், அப்பா குளிக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார். வலப்பக்கம் வராமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு, ஆம்பிளை ஒருத்தர்தான் கூட இருக்கலாம் என்றார்கள். ஆசீர் இருந்தான். நான் வீட்டில். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் அப்பா வாய் கோணிக்கொண்டு அலமாரிப் பக்கம்தான் கையைக் காட்டினார். நான் பார்த்துக்கொள்கிறேன் அப்பா என்று கையைப் பிடித்துச் சொன்னேன். சொன்னபடி பார்த்துக்கொண்டேன்.

அந்த வெயிலை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். கரண்டும் நிற்காது. பாட்டிலுக்குள் அந்தப் பிள்ளைகள் வேர்த்து வழியும். கண்ணாடி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைக்கும். அதனால் சாயங்காலமானால் ஒன்பது மூடியையும் கழற்றி, பத்து நிமிடம் காற்று காட்டி, பனையோலை விசிறியால் விசிறி, மூடிவைப்பேன். ஒரு நாள் தவறவில்லை. கை கழுவிவிட்டுத்தான் தொட்டேன். இதை எழுத வேண்டாம், சும்மா சொன்னேன், நான் எவ்வளவு அக்கறையாகப் பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே. ஐந்தாம் நாளே பலன் தெரிந்தது. அடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி வேர் விட ஆரம்பித்தது. ஒன்பதிலும். அப்பாவிடம் சொல்லச் சொல்லி ஆசீருக்குப் போன் போட்டேன். "என்ன கலர்னு சொன்ன?" என்று கேட்டான். வெள்ளை என்றேன். "சரிக்கா, நான் வாரேன்" என்றான்.

எட்டாம் நாள் அப்பாவை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே பெண்களும் இருக்கலாம். ஆசீர் வீட்டுக்கு வந்தான், நேரே அந்த அறைக்குள் போனான். ரொம்ப நேரம் வரவில்லை. காபியை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"மூடியத் தெறந்தியாக்கா?"

"ஆமாலே, அவிஞ்சு போயிராதா பின்ன? தெனமும் காத்து காட்டுனேன். எப்பிடி வேர் விட்டிருக்கு பாத்தியா?"

அவன் என் முகத்தையே பார்த்தான். அப்புறம் காபியை வாங்கிக்கொண்டான். "நல்லாதான் பாத்திருக்கக்கா. இனி இத தொட்டிக்கு மாத்தணும். நான் செஞ்சிக்கிடுதேன். நீ அப்பாகிட்ட போய் இரு, நாலஞ்சு நாள் இங்கன வராத. நீ வந்தா எனக்கு வேல ஓடாது" என்றான். எப்போதும் என்னைக் கிண்டல் பண்ணுவான். சிரித்துக்கொண்டே போனேன்.

நான் திரும்பி வந்தபோது ஒன்பது தொட்டி. பச்சை வலை கட்டி, கருங்கல் சல்லி போட்டு, வரிசையாக வைத்திருந்தான். இலை ஒவ்வொன்றும் விரல் நீளம். பாட்டிலில் நகக்கண் அளவு இருந்ததே என்று கேட்டேன். "மண்ணப் பாத்தா சட்டுனு வளரும்க்கா" என்றான். நான் நம்பினேன். எனக்கு என்ன தெரியும், அவன்தான் அப்பாகூட நின்று பார்த்தவன். அவன் காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம் கட்டியிருந்தது. மலையடிவாரத்தில் காரையாறு பக்கம் ஒரு வேலை விஷயமாகப் போனேன் என்றான். சுண்ணாம்பு தடவிவிட்டேன்.

அப்பா வந்தார். பேச்சு சரியாக வராது. நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோய்த் தொட்டிகளுக்கு நடுவில் வைத்தோம். "அப்பா, ஒம்பதும் பொழைச்சிட்டு" என்றேன். இடது கையால் ஒரு தொட்டியை மடிக்கு இழுத்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். சல்லியை விரலால் விலக்கி வேரைப் பார்த்தார். அப்புறம் ஆசீரைப் பார்த்தார். அவன் தலை குனிந்துகொண்டு நின்றான். பெருமையைக்கூடக் காட்டிக்கொள்ளத் தெரியாத பிள்ளை. தொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அப்பா ஒரு சொல் சொன்னார். "போதும்." அவ்வளவு திருப்தி அவருக்கு. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கூட்டிப் போகச் சொல்லவே இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார் இல்லையா. ஐப்பசியில் போய்விட்டார்.

இனிதான் கேஸ் வருகிறது. இன்னொரு தம்ளர் தண்ணீர் வேண்டுமா?

அடுத்த வருடம் ஒன்பதில் ஆறு பூத்தது. எனக்குக் கை நிற்கவில்லை. போட்டோ எடுத்து, தோட்டம் வளர்ப்பவர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு, அதில் போட்டேன். தங்கையா நர்சரி என்று நானே பெயரும் வைத்தேன். அப்பா பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா, பாட்டில் கழுவினவர் என்றே போய்விட வேண்டுமா? பெங்களூரில் இருந்து ஒருத்தர் மூன்று செடி கேட்டார். ஆசீர் வேண்டவே வேண்டாம் என்றான்.

"விக்காதக்கா. அது இங்கனயே இருக்கட்டும்."

"ஏம்லே? லைசென்ஸ் இருக்குல்லா."

"அது அப்பாவுக்குக் குடுத்ததுக்கா."

"அப்பா செடிக்கும் சேத்துத்தாம்ல குடுத்தாங்க. ஒனக்கு அப்பா பேரு வெளிய தெரியக் கூடாது, அதான."

மூன்றையும் நானே பொதிந்து கூரியரில் போட்டேன்.

இரண்டாம் மாதம் ரேஞ்சர் வந்தார். கலிவரதன் என்று பெயர், வடக்கே விழுப்புரம் பக்கத்து ஆள். கத்துகிற ஆள் இல்லை. யாரோ அந்த போட்டோவை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். லைசென்ஸைக் கொடுத்தேன், படித்தார். என்னையும் ஆசீரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"அம்மா, இது உங்க அப்பா பேர்ல இருக்கு. அவர் போனதும் மாத்தியிருக்கணும். மாத்தாம வித்தது தப்பு. அது காகிதத் தப்பு, அபராதத்தோட முடிச்சுக்கலாம். செடிங்கள ஒப்படைச்சிட்டு ஒரு கையெழுத்துப் போட்ருங்க. நான் வேற எதையும் தோண்டல."

"தோண்டுதக்கு என்ன சார் இருக்கு?"

"மலையில ஒரு பாறையில இதே செடியோட தூரு உடைச்சு எடுத்திருக்காங்கம்மா. ஒரு வருஷம் முந்தி."

"அதுக்கும் எங்களுக்கும் என்ன சார்? இது எங்க தாய்ச்செடிக்குப் பொறந்தது."

"நாங்க ஒப்படைச்சிருதோம் சார்" என்றான் ஆசீர். நான் கேட்கக் கேட்க. "வித்ததும் நான்தான். கையெழுத்துப் போடுதேன்." அவன் விற்கவில்லையம்மா, நான்தான் விற்றேன். அக்கா ஸ்டேஷன், கோர்ட்டு என்று அலையக் கூடாது என்று அப்படிச் சொல்லிவிட்டான். அது எனக்குப் புரிந்தது. ஆனால் செடியைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒப்படைத்தால் என்ன அர்த்தம்? தங்கையா திருட்டுச் செடி வைத்திருந்தார் என்றுதானே ஊர் பேசும்? ஐந்து வருடம் ஒரு மனுஷன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு மீன் தொட்டிக்குள் கைவிட்டுக் கிடந்தது பொய்யா?

மனுஷப் பிள்ளைக்கு இன்னாருக்குப் பிறந்தது என்று பார்க்கிற டெஸ்ட் உண்டே, அது செடிக்கு உண்டா என்று நான்தான் கேட்டேன். ரேஞ்சர் லைசென்ஸை மடித்து என்னிடம் கொடுத்தார். "உண்டும்மா. ஆனா அது வேண்டியதில்ல" என்றார். ஆசீர் எழுந்து வெளியே போய்விட்டான். வேண்டியதில்லை என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிவாதம் ஏறியது. டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதினேன், வனத்துறைக்கு எழுதினேன். மூன்று பக்கம். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மனுக்களைத் தபாலில் போடுவதற்கு முந்தின நாள் ஆசீர் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்த டெஸ்ட் வேண்டாம்க்கா."

"பயமாலே? ரத்தமா எடுக்கப் போறாங்க? எலைதான்."

"வேண்டாம்னா விடேன்க்கா. எனக்காக."

"ஒனக்காகத்தாம்ல எடுக்கச் சொல்லுதேன். நாளைக்கு எவனும் ஒன்னத் திருடன்னு சொல்லிறப் பிடாது."

அவன் சிரித்தான். அப்புறம் நான் உரித்து வைத்திருந்த வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவ்வளவு நேரம் இருந்ததே வக்கீலம்மா. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் இல்லையா?

ஆய்வகத்தில் இருந்து ஹசீனா மேடம் வந்தார்கள். உங்கள் வயதுதான் இருக்கும், ஒல்லியாக. தாய்ச்செடியில் ஒரு துண்டு, ஒவ்வொரு பிள்ளையிலும் ஒரு துண்டு. பெங்களூருக்குப் போன மூன்றையும் திருப்பி வாங்கி வைத்திருந்தார்கள். புதுச் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் சின்னப் பொட்டலத்தில் மணி மணியாக ஒன்று கிடக்குமே, ஈரம் உறிஞ்சுவது, அதற்குள் இலையைப் போட்டு மூடினார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். தாய்ச்செடியில் எந்த இலை என்று அவர்கள் கேட்டபோது, நல்ல முற்றின இலையாகப் பார்த்து நானே காட்டினேன். பத்துப் பொட்டலத்தின் மேலும் கை வைத்து ஜெபம் பண்ணினேன். முடிக்கும்வரை மேடம் காத்திருந்தார்கள்.

நாற்பத்தேழு நாள். ஒரு சனிக்கிழமை காலையில் ஆசீர் புட்டு தின்றுகொண்டிருந்தான். ஜீப் வந்தது. கையைக் கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, அவனாகவே போய் ஏறினான். என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

கோர்ட்டில் ஹசீனா மேடம் கூண்டில் ஏறிச் சொன்னதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். தாய்ச்செடிப் பூவின் மகரந்தத்தையே அதற்கு வைத்ததால், பிள்ளையிடம் இருப்பதெல்லாம் தாயிடம் இருந்தே வந்திருக்க வேண்டும். மரபணுவில் பன்னிரண்டு இடத்தில் பார்த்தார்களாம். இந்த ஒன்பதிலும், தாயிடம் இல்லாதது இருக்கிறதாம். ஒன்றுகூட அதற்குப் பிறந்தது இல்லையாம். அதோடு விடவில்லை. மலையில் அந்தப் பாறையில் மிஞ்சி நின்ற தூரிலும் இலை எடுத்திருக்கிறார்கள். ஒன்பதில் ஐந்து அந்தத் தூரோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகிறது. சொந்தம்கூட இல்லை, அதே செடி, உடைத்து எடுத்த துண்டு என்றார்கள். அரசாங்க வக்கீல் அதைத் தமிழில் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார்கள். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை.

எங்கள் பழைய வக்கீல் எழுந்து, செடியைச் சோதிக்கச் சொன்னதே குடும்பத்தார்தானே, தப்புப் பண்ணினவன் சோதிக்கச் சொல்வானா என்றார். நல்ல கேள்வி. ஜட்ஜ் மனு யாருடையது என்று பார்த்தார். "இது அக்கா போட்டது. எதிரி போடலையே" என்றார். கோர்ட்டில் ஆசீருக்கு அதுதான் பெயர். அவ்வளவுதான்.

தீர்ப்பு அன்று வெளியே வேப்பமரத்தடியில் நான் நின்றபோது ஹசீனா மேடம் வந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கை சில்லென்று இருந்தது. "அந்தப் பாட்டில் செடிகள் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்கள். அதை ஆசீரிடம் கேளுங்கள், கடைசியாகத் தொட்டது அவன்தான் என்றேன். இன்னும் ஏதோ கேட்க வந்த மாதிரி இருந்தது. கேட்கவில்லை. அந்த ஒன்பதையும் மலைக்கே கொண்டுபோய் நட்டிருக்கிறோம், நாலு பிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

எனக்குக் கணக்கு இதுதான் வக்கீலம்மா. இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒப்படைக்கும்போது ஒன்பதும் வேர் விட்டு நன்றாக இருந்தது. அவன் கைக்குப் போன அந்த நாலைந்து நாளில் என்னவோ ஆகியிருக்கிறது. தொட்டிக்கு மாற்றும்போது அழித்துவிட்டான். அப்பா வந்து பார்த்தால் உயிர் போய்விடும் என்று பயந்து, மலைக்கு ஓடியிருக்கிறான். விற்பதற்கு எடுத்தவன் இல்லை. அப்பாவுக்காக எடுத்தான். இதை அவன் வாயால் சொன்னால் தண்டனை குறையும் என்று நீங்களே சொன்னீர்கள். அவன் சொல்ல மாட்டேன் என்கிறான். பாட்டில் பேச்சை எடுத்தாலே வாயை மூடிக்கொள்கிறான். நீங்கள் போனபோதும் அப்படித்தானே? என்ன அழுத்தம் பாருங்கள். தன் கைத் தப்பை ஒத்துக்கொள்ள ஒரு மனுஷனுக்கு இவ்வளவு வெட்கமா? மூன்று வருடம் ஜெயிலில் கிடந்தாலும் கிடப்பேன், கைத்தப்பு என்று சொல்ல மாட்டேன் என்றால்?

போன செவ்வாய்க்கிழமை மனு போட்டுப் பார்க்கப் போனேன். மெலிந்துவிட்டான். மூச்சிரைப்பு திரும்ப வந்திருக்கிறது, பேசும்போது கேட்கிறது. உள்ளே இறுக்கம். "ஏல, எப்பிடிலே செத்துது அது? என்கிட்டயாவது சொல்லு. நான் வக்கீலம்மாகிட்ட சொல்லுதேன்" என்று கெஞ்சினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சாப்பிட்டியாக்கா?" என்றான்.

"நான் என்ன கேக்கேன், நீ என்ன கேக்க?"

"அக்கா, வக்கீலு வந்து பாட்டிலப் பத்திக் கேட்டா, நீ அந்த எட்டு நாளும் ஆஸ்பத்திரியில அப்பாகூட இருந்தேன்னு சொல்லு. வீட்டுல இல்ல. பாட்டில நீ பாக்கவே இல்ல. சரியா? அது போதும்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எதற்கு அந்தப் பொய்? ஆஸ்பத்திரியில் இருந்தது அவன். வீட்டில் இருந்தது நான். ஒன்பதையும் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்தது நான். என்னைப் பாட்டில் பக்கமே போகாதவள் என்று சொல்லச் சொல்கிறான். அந்த நேரத்தில் நான் என்ன பாடுபட்டேன் என்பதைக்கூட ஒத்துக்கொள்ள மனசு இல்லையா? நேரம் ஆகிவிட்டது என்று காவலர் வந்துவிட்டார். போகும்போது திரும்பி, "சொல்லுவியாக்கா?" என்று கேட்டான். சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய் சொல்லி அவனை வெளியே கொண்டுவர வேண்டியதில்லை. உண்மை போதும்.

என்னம்மா, எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

எந்தத் தேதியா? ஈஸ்டர் முடிந்து வந்த திங்கட்கிழமையில் இருந்து. ஆமாம், எட்டு நாளும். ஆமாம், ஒன்பதையும். சொன்னேனே, தினமும் சாயங்காலம். இல்லை, அதற்கு முன்னால் அப்பா ஒருநாளும் திறந்ததில்லை. ஒன்றரை வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. பஞ்சு மாதிரி, ஆமாம். பூசணமா? இல்லை, வேர்தான். வெள்ளை. இல்லை, முதல் நாள் இல்லை, நான் திறக்க ஆரம்பித்த பிறகு, ஐந்தாம் நாள்.

ஏன் அதையே கேட்கிறீர்கள்? அதை எழுத வேண்டாம் என்றேனே.

எழுதிவிட்டீர்களா. சரி. எழுதினதை வாசித்துக்காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பழைய வக்கீல் சொல்வார். வாசியுங்கள். என் பெயர், வயது எல்லாம் வேண்டாம், அங்கிருந்து வாசியுங்கள்.

ம்.

ம். ஆமாம்.

ஆமாம், விசிறினேன்.

கொஞ்சம் நில்லுங்கள் வக்கீலம்மா. இல்லை, தப்பாக எழுதவில்லை. நான் சொன்னதுதான். நீங்கள் வாசிக்கும்போது வேறு யாரோ சொன்ன மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். அவன் அன்றைக்குக் காபியை வாங்கும்போது நல்லாதான் பாத்திருக்கக்கா என்றுதானே சொன்னான்?

அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசியுங்கள். மெதுவாக.